உள்ளேன் டீச்சர்

2017ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் இரண்டாம் சனிக்கிழமை முற்பகல் பதினொன்று இருபதுக்கு, ஷார்ஜாவில் குளித்துக்கொண்டிருந்த சதாம் உசேன், அணைமேட்டுப்பட்டி அரசு மேல்நிலைப் பள்ளியின் மாடியில், பத்தாம் வகுப்பு ஆ பிரிவின் மூன்றாவது பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். தலையில் சோப்பு நுரை இருந்தது. இடுப்பில் துண்டு இருந்தது. அது அவனுடைய நல்ல நேரம். கதவு வழியாக வந்ததை யாரும் பார்க்கவில்லை, ஜன்னலுக்கோ கம்பி போட்டிருக்கிறது. ஒரு நொடிக்கு முன்னால் காலியாக இருந்த இடத்தில் ஆள் இருந்தான், பெஞ்சு நனைந்தது, அவ்வளவுதான். ஜெபராணி டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு அவனை ஒரு பார்வை பார்த்தார். "சட்டை எங்கடா?" என்றார். "ஷார்ஜால இருக்கு டீச்சர்" என்றான் சதாம். "அடுத்த தடவ போட்டுட்டு வா" என்று சொல்லிவிட்டு, வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே நீலப் பேனாவால் ஒரு சாய்கோடு இழுத்து, பதினொன்றாம் எண்ணுக்குப் போனார்.

முன்னாள் மாணவர் சந்திப்புக்கென்று கம்பம் பள்ளத்தாக்கில் சில சம்பிரதாயங்கள் உண்டு. பஸ் நிறுத்தத்தில் பிளக்ஸ் வைக்க வேண்டும். அதில் எல்லோரும் தேர்தலில் நிற்கிறவர்களைப் போலக் கைகூப்பியிருக்க வேண்டும். பெண்கள் ஒரே நிறத்தில் சேலை கட்ட வேண்டும். அந்த நிறத்துக்காக வாட்ஸ்அப் குழுவில் இரண்டு மாதம் சண்டை போட்டு, இரண்டு பேர் குழுவை விட்டு வெளியேறி, மறுபடி சேர்க்கப்பட்டு, கடைசியில் முதல் நாள் சொன்ன நிறத்துக்கே வர வேண்டும். மட்டன் பிரியாணி, மியூசிக்கல் சேர், எழுந்து நின்று அழுகிற ஒருவர், "நீ அப்பிடியேதான் இருக்க" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் பொய், இவையெல்லாம் எல்லாச் சந்திப்புக்கும் பொது. 2007ஆம் ஆண்டு பத்தாம் வகுப்பு ஆ பிரிவு மட்டும் இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டது. அந்த வருடத்து வகுப்பாசிரியை ஜெபராணி டீச்சர் வந்து, அந்த வருடத்துப் பதிவேட்டையே பிரித்து, நாற்பத்திரண்டு பேர் பட்டியலை வரிசையாக வாசிப்பார். பள்ளியின் பழைய பதிவேடுகளைக் காகித வியாபாரிக்கு எடைக்குப் போட்ட நாளில், இந்த ஒன்றை மட்டும் அவர் சேலைத் தலைப்பில் மூடி வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். ஏன் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

சதாமை வரவழைத்தவன் சங்கிலி. அவன் கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஜீப் ஓட்டுகிறவன். காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போவான், சாயங்காலம் இறக்கிவிடுவான். பள்ளியில் படித்தபோது அவனுக்கு வேறொரு தொழில் இருந்தது. வகுப்பில் இருக்கும் நாற்பத்தொரு பேருடைய குரலும் அவன் தொண்டையில் இருந்தது. யார் வராவிட்டாலும், டீச்சர் பெயரைச் சொன்னதும் கடைசி பெஞ்சிலிருந்து அந்த ஆளின் குரலில் "உள்ளேன் டீச்சர்" என்று பதில் வரும். ஷரீபின் கட்டைக்குரல், அஸ்லமின் கீச்சுக்குரல், சளி பிடித்த ஈஸ்வரபாண்டி, முதல் மதிப்பெண் வாங்கிய மறுநாள் பேசும் ஹுஸ்னா, எல்லாம் துல்லியமாக இருக்கும். பத்து வருடம் கழித்து நடந்த முதல் சந்திப்பில், "பத்து, சதாம் உசேன்" என்று டீச்சர் வாசித்து நிறுத்தியபோது, பழக்கதோஷத்தில் அவன் வாய் முந்திக்கொண்டது. துண்டோடு ஆள் வந்து சேர்ந்தான்.

பள்ளிக் காலத்தில் இப்படிக் குரல் கொடுத்தபோதெல்லாம் ஏன் யாரும் வந்து விழவில்லை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். அப்போது ஏற்பாடே அவர்கள் வரக் கூடாது என்பதுதான். இப்போது அவர்கள் வர வேண்டும் என்று சங்கிலி மனதார விரும்பினான். தலைமையாசிரியர் வைகுண்டராஜ் தமிழில் முதுகலை படித்தவர்; அவர் இன்னொரு விளக்கமும் வைத்திருந்தார். "வந்தேன்"னு சொன்னா எங்கருந்துன்னு கேக்கலாம், "இருக்கேன்"னு சொன்னா எங்கன்னு கேக்கலாம், "உள்ளேன்"னு சொல்லிட்டா அதுக்கப்புறம் கேள்வியே கிடையாது என்பார். ஊருக்கு அது விளங்கவில்லை. ஆனால் தலைமையாசிரியர் சொன்னதால் ஒப்புக்கொண்டது.

அதற்குப் பிறகு இது சந்திப்பின் வழக்கமாகவே ஆகிவிட்டது. அஸ்லம் கோலாலம்பூரில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவன், இரண்டு கையிலும் குவளையோடு வந்தான். டீ ஒரு சொட்டும் சிந்தவில்லை. ஹுஸ்னா கோயம்புத்தூர்க் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள், மார்க்கரோடு வந்து இறங்கி, "என் குரலு இப்பிடியா கீச்சுனு இருந்துச்சு? நல்லா இருக்கிற மாதிரி சொல்லத் தெரியாதா?" என்று சங்கிலியோடு சண்டை பிடித்தாள். சாயங்காலம் பியூன் சுருளி நீள மணி அடித்ததும் வந்தவர்கள் வந்த இடத்துக்குப் போய்ச் சேர்வார்கள், கையில் பிரியாணிப் பொட்டலத்தோடு. ஒரு வருடம் சுருளி மணியடிக்க மறந்து டீக்கடைக்குப் போய்விட்டார். அஸ்லம் அரை மணி நேரம் கூடுதலாக இருந்துவிட்டு, முதலாளியிடம் கழிப்பறையில் இருந்ததாகச் சொல்ல வேண்டியதாயிற்று. 2020இல் நோய்க்காலம். டீச்சர் வீட்டிலிருந்தபடியே போனில் பெயர் வாசித்தார். தவறிப்போய் யாரையாவது வரவழைத்து அவர்களைப் பதினான்கு நாள் தனியறையில் போட நேருமே என்று பயந்து, சங்கிலி வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இதையெல்லாம் பள்ளத்தாக்கில் யாரும் பெரிதாகப் பேசவில்லை. பேசியதெல்லாம் சேலை நிறத்தைப் பற்றித்தான்.

இது முறையா என்று ஒருமுறை கேட்டதற்கு ஜெபராணி டீச்சர் சட்டம் பேசினார். ஆள் இல்லாமல் குரல் வந்தால்தான் குற்றம். இங்கே குரலும் வருகிறது, ஆளும் வந்துவிடுகிறான், பிறகென்ன என்றார். அவர் கணக்கு டீச்சர்.

ஆனால் அந்தப் பதிவேட்டில் ஒரு வரி எப்போதும் வாசிக்கப்பட்டதில்லை. எட்டு, ஈஸ்வரபாண்டி. பத்து, சதாம் உசேன். இடையில் ஒன்பதாம் எண்ணில் அடிஸ்கேல் வைத்து இழுத்த சிவப்புக் கோடு ஒன்று இருந்தது. கோட்டுக்கு அடியில் சங்கிலியின் பெயர் இருந்தது. எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் டீச்சர் கண்ணாடியைத் தூக்கிவிடுவார், ஷரீப் இருமுவான், மற்றவர்கள் பெஞ்சில் தாங்கள் முன்பு காம்பஸால் கீறிய பெயர்களைத் தேடுவார்கள். சங்கிலி வருடா வருடம் முந்தின நாளே வந்து சாவி வாங்கி, பெஞ்சு துடைத்து, தண்ணீர்க் கேன் தூக்கி மாடியேற்றி, பிரியாணி அண்டாவுக்குக் காவல் இருந்தான். இத்தனையும் எதற்கென்றால், ஒரே ஒரு முறை "ஒன்பது, சங்கிலி" என்று கூப்பிடுவார்களா என்பதற்காக. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். தெரிந்தது போல யாரும் காட்டிக்கொள்ளவும் இல்லை.

கோடு விழுந்த கதை இதுதான். 2007 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, பொதுத்தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தபோது, பதினைந்து பையன்கள் சுருளி அருவிக்குக் குளிக்கப் போனார்கள். போனவர்களில் முதல் ஆள் ஷரீப். சங்கிலி போகவில்லை, அவன் போனால் குரல் கொடுக்க ஆள் கிடையாது. பதினைந்து குரலும் அன்று குறையில்லாமல் வந்தன. அதே நேரத்தில், சொல்லாமல் கொள்ளாமல் ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் ஜன்னலுக்கு வெளியே நின்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே வந்து இன்னொரு முறை எண்ணினார். குரல் நாற்பத்திரண்டு, தலை இருபத்தேழு. யார் என்று கேட்டார். கடைசி பெஞ்சில் சங்கிலி எழுந்து நின்று, "நான்தான் டீச்சர்" என்றான். பெயரை அடியுங்கள் என்றார் அதிகாரி. டீச்சர் அடித்தார். திங்கட்கிழமை பதினைந்து பேரும் நல்ல பிள்ளைகளாக வந்து உட்கார்ந்தார்கள், வாயைத் திறக்கவில்லை, தேர்வு எழுதினார்கள், தேறினார்கள். சங்கிலி கம்பம்மெட்டு ஜீப் ஒன்றில் கிளீனராக ஏறிவிட்டான்.

ஷரீப் இப்போது உத்தமபாளையத்தில் திராட்சை மொத்த வியாபாரி. சந்திப்புக் குழுவின் தலைவர் என்று பிளக்ஸில் அவனேதான் போட்டுக்கொண்டான். 2023ஆம் ஆண்டு சந்திப்பில், எட்டாம் எண்ணுக்குப் பிறகு டீச்சர் கண்ணாடியைத் தொட்ட நேரத்தில், ஷரீபின் குரல் எழுந்தது. "டீச்சர், ஒம்பதாம் நம்பரையும் ஒருவாட்டி வாசிச்சிருங்களேன்." ஷரீபுக்கே தூக்கிவாரிப் போட்டது. அவன் வாயில் அப்போது பிஸ்கட் இருந்தது. தன் குரலில் கேட்கத் தைரியம் இல்லாமல் சங்கிலி கடைசி பெஞ்சிலிருந்து அவன் குரலில் கேட்டிருந்தான். டீச்சருக்கு அது தெரியாது. "கோடு போட்ட பேர வாசிக்கக் கூடாது ஷரீப், இது கவர்மெண்ட் ரிஜிஸ்தர்" என்றார். கொஞ்சம் விட்டு, "இப்ப அவனுக்காகப் பேசுறியே, அன்னைக்கு நீ எங்க போயிருந்த?" என்றும் கேட்டார். அறை முழுக்க ஷரீபைப் பார்த்தது. நான் பேசவில்லை என்று சொல்லலாம். அருவிக்குப் போயிருந்தேன் என்றும் சொல்லலாம். ஷரீப் பிஸ்கட்டை விழுங்கிவிட்டு, "தண்ணி குடிச்சுட்டு வாரேன் டீச்சர்" என்று எழுந்து போனான். அவன் திரும்பி வந்தபோது இருபதாம் எண் ஓடிக்கொண்டிருந்தது. சங்கிலி அன்றும் அண்டாவைக் கழுவிக் கொடுத்துவிட்டுத்தான் போனான். ஆனால் மனது விட்டுப்போயிருந்தது.

மறு வருடம் ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை காலை அவன் ஜீப்பை எடுத்தான். அவன் மனைவி ஜக்கம்மாவும் அதே வகுப்புதான், பட்டியல் எண் முப்பத்தொன்று. குழுவில் முடிவான மயில்நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு நின்றவளிடம், "நீ போயிட்டு வா ஆத்தா. பேரே இல்லாதவனுக்கு அங்கன என்ன வேல" என்றான். இதை அவன் சொன்னது ஜக்கம்மாவின் அப்பா குரலில். வருத்தமாக எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அவன் மாமனார் குரலைத்தான் எடுப்பான். அவர் இறந்து ஆறு வருடமாகிறது. ஜக்கம்மா தூக்குச்சட்டியில் அவனுக்குச் சோறு வைத்துக் கொடுத்தாள்.

அன்றைக்கு ஊரில் ஒன்றும் ஓடவில்லை. சாவி வாங்க ஆளில்லை, பெஞ்சில் தூசி, தண்ணீர்க் கேன் கீழேயே இருந்தது. அதைவிட மோசம், வெளியூர்க்காரர்கள் பாடு. ஷார்ஜாவில் சதாம் அனுபவப்பட்டவன். காலையிலேயே குளித்து, புதுச் சட்டை போட்டு, அத்தர் தடவி, டீச்சருக்கு ஒரு டின் பேரீச்சம்பழமும் பிள்ளைகளுக்கு சாக்லேட்டும் பையில் எடுத்துக்கொண்டு கட்டிலில் தயாராக உட்கார்ந்திருந்தான். கோலாலம்பூரில் அஸ்லம் லீவு போட்டிருந்தான். கோயம்புத்தூரில் ஹுஸ்னா மயில்நீலச் சேலையில் நாற்காலியின் நுனியில் இருந்தாள். டீச்சர் வாசித்தார். "ஒன்று, அஸ்லம்." யாரும் பதில் சொல்லவில்லை. அஸ்லமும் வரவில்லை. பத்து நிமிடத்தில் குழுவில் செய்திகள் குவிந்தன. இன்னும் எம்புட்டு நேரம் என்று சதாம் கேட்டான். சட்டை கசங்குகிறது என்றும் போட்டான். ஈஸ்வரபாண்டி தன்னால் முடியும் என்று எழுந்து சதாம் குரலில் ஒரு முறை முயன்று பார்த்தான். சதாம் வரவில்லை, கீழே கட்டியிருந்த ஆடு ஒன்று பதில் சொன்னது.

"சங்கிலி எங்க?" என்றார் டீச்சர். ஜக்கம்மா எழுந்தாள். "மலைக்குப் போயிட்டாக டீச்சர். பதினஞ்சு பேரு குளிச்ச தண்ணியில அவுக ஒருத்தரு பேருதான் நனைஞ்சு அழிஞ்சுபோச்சு. குளிச்சவுக எல்லாம் இங்கனதான் துவட்டிக்கிட்டு உக்காந்திருக்காக. கேட்டுப் பாருங்க." சொல்லிவிட்டு ஷரீபை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஷரீப் இருமினான். இரண்டாவது இருமல் வரவில்லை. எழுந்து நின்றான், முப்பத்து மூன்று வயதில் சொக்காய்ப் பொத்தானைத் திருகினான். "நாங்கதான் டீச்சர் போனோம். நான்தான் கூட்டிட்டுப் போனேன். அவன் எங்களுக்காகத்தான் சொன்னான். எங்க அத்தா அடிப்பாருன்னு பயந்து வாயத் தெறக்கல. பெறகு தெறக்க வெக்கமாப் போச்சு" என்றான். அவனைத் தொடர்ந்து, அன்று அருவிக்குப் போனவர்களில் அங்கே இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். பதினேழு வருடமாக வயிற்றில் இருந்ததைச் சொன்னதும் சிலருக்குப் பசியே எடுத்துவிட்டது.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார் டீச்சர். பிறகு அவரும் எழுந்து நின்றார், தான்தான் இப்போது கேள்வி கேட்கப்படுகிறவர் என்பதைப் போல. அதிகாரி பக்கத்தில் நின்றதால் கோடு போட்டேன், திங்கட்கிழமை அவன் வந்ததும் திரும்ப எழுதிக்கொள்ளலாம் என்றிருந்தேன் என்றார். திங்கட்கிழமை அவன் வரவில்லை. அடித்த பெயருக்கு அங்கே என்ன வேலை என்று அவன் நினைத்தான்; வந்தால்தானே எழுதலாம் என்று இவர் நினைத்தார். "ஆளனுப்பிக் கூப்பிட்டிருக்கணும். நாலு தெரு தள்ளித்தான் வீடு. போகாம இருந்துட்டேன். பத்து வருசமா இந்த ரிஜிஸ்தர வீட்டுல வச்சு, தெனமும் அந்த ஒரு கோட்டத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்" என்று சொன்னபோது அவர் குரல் உடைந்தது. அழுவதற்கென்று வருடந்தோறும் எழுந்து நிற்பவன் ஈஸ்வரபாண்டி. அந்த வருடம் அவனுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

டீச்சர் உட்கார்ந்து, நீலப் பேனாவை எடுத்து, சிவப்புக் கோட்டுக்கு மேலே இருந்த நெருக்கமான இடத்தில் பொடி எழுத்தில் சங்கிலி என்று எழுதினார். அரசாங்கப் பதிவேட்டில் அவர் செய்த முதல் திருத்தம் அது. கண்ணாடியைத் தூக்கிவிடாமல் வாசித்தார். "ஒன்பது, சங்கிலி."

இப்போது வேறொரு சிக்கல் வந்தது. பதில் சொல்ல வேண்டும், அதுவும் அவன் குரலில். அவன் குரல் எது? ஷரீப் முயன்றான், வந்தது ஷரீபின் குரல். மற்றவர்கள் முயன்றார்கள். அவர்களுக்கு ஞாபகம் இருந்த சங்கிலியின் குரலெல்லாம் அவரவர் குரலாகவே இருந்தது. எல்லோரும் ஜக்கம்மாவைப் பார்த்தார்கள். "என்னயப் பாக்காதீக. பொண்ணு தரச் சம்மதம்னு எங்கம்மாவுக்குப் போன் போட்டதே எங்கப்பா குரல்ல அவுகதான். சொந்தக் குரல்ல பேசி நான் கேட்ட ஞாபகமே இல்ல" என்றாள் ஜக்கம்மா. பதினோரு வருடக் குடித்தனத்தில் இது முதல் முறையாக அவளுக்கே உறைத்திருக்க வேண்டும்.

அந்தக் குரலைக் கேட்டு இன்னும் மறக்காதவர் அந்த அறையில் ஒருவர்தான் இருந்தார். பதினேழு வருடத்துக்கு முன்பு, தப்பித்துக்கொள்ள நாற்பத்தொரு குரல் கைவசம் இருந்தும், ஒரு பையன் சொந்தக் குரலில் "நான்தான் டீச்சர்" என்று சொன்னான். ஜெபராணி டீச்சர் மேஜையை விட்டு எழுந்து கடைசி பெஞ்சுக்கு நடந்தார். அறுபத்தேழு வயதில், முழங்கால் வலியோடு, பெஞ்சுக்கும் டெஸ்க்குக்கும் நடுவில் நுழைந்து நின்றார். கையைக் கட்டிக்கொண்டார். முப்பத்தைந்து வருடம் எந்தக் குற்றத்துக்காகப் பிள்ளைகளை வெயிலில் நிற்க வைத்தாரோ, அந்தக் குற்றத்தை வகுப்பறையில் எல்லோரும் பார்க்கச் செய்தார். கொஞ்சம் மூக்கடைத்து, பாதியில் உடைந்து திரும்பச் சேரும் பதினைந்து வயதுப் பையன் குரலில், "உள்ளேன் டீச்சர்" என்றார்.

மணி பதினொன்று இருபது. மலையில் அன்று காலையிலிருந்து நல்ல மழை. வேலை இல்லையென்று தோட்டத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சங்கிலி பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டுப் பாதையில் ஒரு கொண்டையூசி வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டிருந்தான். ஒடித்தபடியே வந்தான். ஒடிப்பதற்கு ஜீப் தேவைப்பட்டதால் ஜீப்பும் வந்தது. ஜீப்பில் பதினோரு பெண்கள் இருந்ததால் அவர்களும் வந்தார்கள். கரும்பலகைக்கும் முதல் பெஞ்சுக்கும் நடுவில், மாடியில், ஒரு பெஞ்சையும் இடிக்காமல் ஜீப் நின்றது. அவன் அப்படி ஓட்டுகிறவன்தான். வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது. தரையெல்லாம் மலைத்தண்ணீர். பின்சீட்டிலிருந்து செல்வமணி அக்கா தலையில் போட்டிருந்த பிளாஸ்டிக் தாளை விலக்கி எட்டிப் பார்த்து, "டிரைவரு, இது எந்த ஸ்டாப்பு?" என்றாள். பள்ளிக்கூடம் என்று யாரோ சொன்னார்கள். "அப்ப வீடு பக்கந்தேன்" என்று இறங்கத் தொடங்கினாள். பிரியாணி வாசனை அதற்குள் அவளுக்கு எட்டியிருந்தது.

டீச்சர் மேஜைக்குத் திரும்பி நடந்து வந்தார். சங்கிலி ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தான். டீச்சர் பேனாவை எடுத்தார், ஆனால் கோடு போடவில்லை. "முந்தி சொன்னது நான். அது செல்லாது. நீ சொல்லு" என்றார். மறுபடி, "ஒன்பது, சங்கிலி" என்றார். அவன் வாயைத் திறந்தான். முதலில் சதாமின் குரல் வந்தது, சரியில்லை என்று மூடிக்கொண்டான். பிறகு ஷரீப் வந்தான், மாமனார் வந்தார். தொண்டைக்குள் வழிவிடுங்கள் வழிவிடுங்கள் என்று யாரோ நெருக்கிக்கொண்டு வருவது எல்லோருக்கும் தெரிந்தது. கடைசியில் வந்தது. "உள்ளேன் டீச்சர்."

அது சாதாரணமான குரல். கொஞ்சம் மூக்கடைப்பு, கொஞ்சம் கரகரப்பு. தேனி பஸ் ஸ்டாண்டில் நின்றால் மணிக்கு நாற்பது முறை அப்படி ஒன்றைக் கேட்கலாம். "இம்புட்டுத்தானா?" என்றாள் ஜக்கம்மா. எல்லோரும் சிரித்தார்கள், சங்கிலியும் சிரித்தான். சிரிப்பும் அவன் சொந்தச் சிரிப்பாக இருந்தது. ஜக்கம்மா மட்டும் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டீச்சர் அவன் பெயருக்கு நேரே ஒரு சாய்கோடு போட்டார். "இது காலைக்கு. மதியத்துக்கும் கோடு வேணும்னா மதியமும் இருக்கணும்" என்றார். "இருக்கேன் டீச்சர்" என்றான். "உள்ளேன்னு சொல்லு" என்றார் டீச்சர்.

பிறகு முதல் எண்ணிலிருந்து மறுபடி வாசிக்கப்பட்டது. சங்கிலி குரல் கொடுக்கக் கொடுக்க, சதாம் அத்தர் வாசனையோடு வந்தான், அஸ்லம் வந்தான், ஹுஸ்னா வந்தாள். தன் குரல் இந்த வருடம் பரவாயில்லை என்றாள். ஜீப்பால் இடம் குறைந்திருந்ததால் சிலர் பானட்டில் உட்கார்ந்தார்கள். மதியத்துக்குப் பிறகு டீச்சர் அவன் பெயருக்கு நேரே எதிர்ப்பக்கம் சாய்ந்த கோட்டையும் போட்டார். சாயங்காலம் நீள மணி அடித்ததும் வெளியூர்க்காரர்கள் பொட்டலங்களோடு போய்ச் சேர்ந்தார்கள். சங்கிலி போகவில்லை. ஜீப்பும் போகவில்லை. போக வேண்டிய இடம் இருக்கிறவர்களைத்தான் மணி அனுப்பும் என்று ஊர் முடிவு செய்தது. தோட்டத்துப் பெண்கள் மணிக்கெல்லாம் காத்திராமல் சாப்பிட்டதுமே படியிறங்கி நடந்து போய்விட்டார்கள்.

மாடியிலிருந்து ஜீப்பை இறக்கும் விஷயத்தில் தலைமையாசிரியர் வைகுண்டராஜ் முறைப்படி மேலிடத்துக்கு எழுதினார். ஜீப் மாடிக்கு எந்த வழியாகக் கொண்டுவரப்பட்டதோ அதே வழியாக அகற்றவும் என்று பதில் வந்தது. "உள்ளேன்" என்ற வழியாக வந்தது என்று அவர் திருப்பி எழுதினார். அதற்கு இன்றுவரை பதில் இல்லை. அருவிக்குப் போன பதினைந்து பேரும் சேர்ந்து சங்கிலிக்கு வேறு ஜீப் வாங்கிக் கொடுத்தார்கள். அதன் முன்கண்ணாடியில் ஒன்பது என்று மட்டும் எழுதியிருக்கிறது. அவன் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதினான். கணக்கில் மட்டும் தவறிவிட்டது. டீச்சர் வாரத்தில் இரண்டு நாள் அவனைத் திட்டிக்கொண்டே சொல்லித் தருகிறார். வீட்டில் இப்போது சொந்தக் குரலில்தான் பேசுகிறான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் ஜக்கம்மா கேட்டுக்கொள்வதால், "நல்லா இருக்கியா ஆத்தா" என்று அவள் அப்பா குரலில் ஒரு முறை கேட்பான். அவளும் அப்பாவுக்குச் சொல்வதைப் போலவே பதில் சொல்வாள்.

2025 ஜூலையில் புதிதாக வந்த ஆய்வு அதிகாரி ஒருவர் மாடிக்கு ஏறினார். பத்தாம் வகுப்பு ஆ பிரிவில் வருகைப் பதிவு நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் பாதிப் பேர் பெஞ்சிலும் மீதிப் பேர் ஜீப்பிலும் இருந்தார்கள். பின்சீட்டு யாருக்கு என்பது வாரத்துக்கு ஒரு வரிசை என்று கரும்பலகையில் எழுதியிருந்தது. அதிகாரி எண்ணினார். குரல் முப்பத்தெட்டு, தலை முப்பத்தெட்டு. ஜீப்பைச் சுற்றி வந்தார், டயரைக் காலால் ஒரு தட்டு தட்டினார், இருப்புப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். மேஜை ஒன்று, நாற்காலி ஒன்று, பெஞ்சு பதினாறு, கரும்பலகை ஒன்று என்று போன வரிசையில் ஜீப் ஒன்று என்றும் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் நேரே சிவப்புப் பேனாவால் குறித்துக்கொண்டே வந்தவர், ஜீப்புக்கு நேரேயும் "உள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த வகுப்புக்குப் போனார்.